ஆடுகிற மாணவனுக்குக் கூலி

அமெரிக்க சர்வகலாசாலைகள் 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல், தங்கள் கொடியின்கீழ் விளையாடும் மாணவர்களுக்குத் தாங்களே நேராகப் பணம் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. "மாணவன் ஆட்டத்துக்குக் காசு வாங்கலாகாது" என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே காக்கப்பட்டுவந்த விரதம், கோர்ட்டின் அங்கீகாரத்தோடு முடிந்துவிட்டது. மக்காச்சோளம் விளையும் பெரம்பலூருக்கும், சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் மிக நெருங்கியது. இவ்விரு ஜில்லாக்களின் கலாசாலைகளில் ஓடிக்கொண்டும், சடுகுடு ஆடிக்கொண்டும், ஹாக்கி மட்டை பிடித்துக்கொண்டும் இருக்கும் ஏழைப் பிள்ளைகளின் உழைப்புக்கு விலை உண்டா? உண்டாயின், அதை யார், எப்பொழுது, எந்த நிபந்தனையின்மேல் கொடுப்பது? இதுவே கேள்வி. அமெரிக்கா இதற்கு விடை சொல்ல நூறாண்டு தாமதித்தது. தாமதித்துச் சொன்ன விடையும் பாதி சரி, பாதி பிழை. அந்தப் பிழையை நாமும் பட்டுத்தான் அறியவேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்கக் கலாசாலை விளையாட்டுக்களை ஆளும் சங்கம் 1906-இல் ஏற்பட்டது. விளையாடும் மாணவன் ஊதியம் பெறலாகாது என்பது அதன் மூலமந்திரம். பிற்காலத்தில் கல்விக் கட்டணம், இருப்பிடம், சாப்பாடு, புத்தகம் ஆகியவற்றுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க அது இசைந்தது. அதற்குமேல் ஒரு காசும் கூடாது என்றது. இதற்கிடையில் ஆட்டமோ பெரும் வியாபாரமாக வளர்ந்துவிட்டது. லட்சம் பேர் உட்காரும் மைதானங்கள் எழுந்தன. டெலிவிஷன் கம்பெனிகள் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுத்தன. அந்நாட்டின் பல மாகாணங்களில் சர்க்கார் சம்பளப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு இல்லை. சர்வகலாசாலையின் பந்தாட்டப் பயிற்சியாளருக்கே உரியது. பயிற்சியாளர் பணம் பெற்றார். சங்கத்து அதிகாரிகள் பணம் பெற்றார்கள். டிக்கெட்டு விற்றவனும் பெற்றான். வெயிலிலும் பனியிலும் எலும்பு முறிய ஆடிய பையனுக்கு மாத்திரம், "நீ தூயவனாக இரு" என்ற உபதேசம் கிடைத்தது.

இந்த உபதேசத்தைக் கோர்ட்டுகள் ஒவ்வொரு படியாகத் தகர்த்தன. 2021-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக, மாணவர்களின் கல்வி சம்பந்தமான சலுகைகளுக்குச் சங்கம் விதித்த வரம்பு செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அடுத்த பத்து நாட்களுக்குள், தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற மாணவர்களுக்கு அநுமதி வந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி கோர்ட்டு அங்கீகரித்த ராஜியின்படி, ஒவ்வொரு சர்வகலாசாலையும் தன் விளையாட்டு வருமானத்திலிருந்து முதலாண்டில் ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரையில் மாணவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். 2016 முதல் பங்கு பெறாமற்போன பழைய மாணவர்களுக்கு, பத்தாண்டுத் தவணையில் ஏறக்குறைய 280 கோடி டாலர் கொடுத்துத் தீர்க்கவேண்டும். உழைத்தவன் கூலி தவணையிலாவது வந்து சேர்கிறது. இது நியாயம்.

ஆனால் பணம் வந்த வழி சந்தையின் வழி. எந்த ஆட்டத்துக்குக் கூட்டம் கூடுகிறதோ, அந்த ஆட்டத்துக்கே பணத்தின் பெரும்பங்கு போகிறது. ஆண்களின் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் வாரிக்கொள்கின்றன; பெண்களின் ஆட்டங்களும், நீச்சல், ஓட்டம் முதலியவையும் மிச்சத்துக்குக் காத்து நிற்கின்றன. ஒவ்வொரு அணியிலும் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற புதிய வரம்பினால், உபகாரச் சம்பளமின்றி ஆசைக்காக ஆடிவந்த பல மாணவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். ஆண்டுக்கொரு கலாசாலை மாறி, அதிகம் கொடுப்பவனிடம் செல்லும் வழக்கம் பரவிவிட்டது. பென்சில்வேனியாவிலுள்ள செயின்ட் பிரான்சிஸ் என்னும் சிறிய சர்வகலாசாலை, இப்போட்டி நமக்குத் தாங்காது என்று 2025 மார்ச்சில் முதல் வகுப்பிலிருந்து உபகாரச் சம்பளமே இல்லாத மூன்றாம் வகுப்புக்கு இறங்கிக்கொள்ளத் தீர்மானித்தது. பொய்யான விரதத்தை உடைத்தது சரியே. உடைத்த இடத்தில் சந்தையை மாத்திரம் உட்காரவைத்ததுதான் பிழை.

தூய ஆட்டம் என்னும் பேச்சு

காசு வாங்காமல் ஆடுவதே உயர்ந்தது என்னும் கொள்கை எங்கே பிறந்தது என்பதை நம்மவர்கள் அறியவேண்டும். அது ரிஷிகளின் ஆசிரமத்தில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் வேலையின்றி உண்ணும் கனவான்களின் கூடத்தில் பிறந்தது. ஹென்லி படகுப் பந்தயத்துக்கு 1879-இல் எழுதிய விதியில், கூலிக்கு உழைக்கும் கைவினைஞனும் தொழிலாளியும் 'அமெச்சூர்' ஆகமாட்டார்கள் என்று பகிரங்கமாகவே சொன்னார்கள். அவர்களுடைய கிரிக்கெட்டில் கனவான்கள் ஒரு ஜாதி, சம்பள ஆட்டக்காரர்கள் மற்றொரு ஜாதி. இந்தப் பிரிவினை ஒழிந்தது 1962-இல்தான். சுருங்கச் சொன்னால், 'அமெச்சூர்' விதி என்பது ஏழையை மைதானத்துக்கு வெளியே நிறுத்துவதற்காகப் போட்ட வேலி.

அந்த வேலியில் கிழிபட்டவர்களில் ஒருவர் ஜிம் தார்ப், அமெரிக்காவின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப்பதக்கங்கள் வென்றார். அதற்கு முன் சில்லறைப் பணத்துக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்று சொல்லி, அடுத்த ஆண்டே பதக்கங்களைப் பறித்தார்கள். அவர் இறந்து ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து, 1983-இல் பதக்கங்கள் குடும்பத்தாரிடம் திரும்பின. அவர் மாத்திரமே வெற்றி பெற்றவர் என்று முழுமையாக ஒப்புக்கொண்டது 2022-இல். நம் தேசத்திலோ பல்வங்கர் பாலூ இருந்தார். தீண்டாமையின் கொடுமைக்குள் பிறந்த அவர், புனாவில் வெள்ளையர் கிளப்பின் மைதானத்தைச் செப்பனிடும் வேலைக்கு மாதச் சம்பளத்துக்கு அமர்ந்தார். துரைமார்களுக்குப் பந்து வீசிப் பந்துவீச்சைக் கற்றார். 1911-இல் இந்திய அணியுடன் இங்கிலாந்து சென்று நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். அந்த அற்பச் சம்பளம் இல்லாதிருந்தால் அவர் கையில் பந்தே வந்திருக்காது. கூலி அவரைக் கெடுக்கவில்லை. மைதானத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது.

அரசியல் தொண்டர்களுக்கு இது புதிய வாதமாகாது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு அங்கத்தினர்களுக்கு 1911-ஆம் ஆண்டு வரையில் சம்பளம் கிடையாது. பொதுப்பணி செய்பவன் பணம் வாங்குவது இழிவு என்று பிரபுக்கள் வாதித்தார்கள். சம்பளமில்லாத பார்லிமெண்டில் சுரங்கத் தொழிலாளி எவ்வாறு உட்காருவான் என்று தொழிலாளர் கேட்டார்கள். அவ்வாண்டில் வருஷத்துக்கு 400 பவுன் என்று விதித்த பிறகே ஏழைக்கு அங்கே நிலையான இடம் கிடைத்தது. நமது இயக்கத்திலும் 1935-இல் காந்தியடிகள், நூல் நூற்கும் பெண்ணுக்கு உயிர் வாழப் போதிய குறைந்தபட்சக் கூலி கொடுக்கவேண்டுமென்று அகில இந்திய சர்க்கா சங்கத்தை வற்புறுத்தினார். கதர் விலை ஏறும், விற்பனை விழும் என்று நண்பர்களே அஞ்சினார்கள். தேசத்தொண்டு என்ற பெயரால் ஏழையின் உழைப்பைக் குறைந்த விலைக்கு வாங்கலாகாது என்பதே அவர் கொள்கை. அந்தக் கொள்கை மைதானத்துக்கும் பொருந்தும்.

நம்மிடத்தில் கூலி இல்லையா?

நம் தேசத்தில் விளையாடும் மாணவனுக்குப் பணமே கிடைப்பதில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. 2018-இல் தொடங்கிய கேலோ இந்தியா திட்டத்தில், தேர்ந்தெடுத்த வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 6 லட்சத்து 28 ஆயிரம் ரூபாய் ஒதுக்கினார்கள். அதில் 1 லட்சத்து 20 ஆயிரம், மாதம் பதினாயிரம் வீதம் கைச்செலவுக்கு. ஒலிம்பிக்கைக் குறிவைத்து 2014-இல் ஏற்பட்ட திட்டத்தில் இடம் பெற்றவருக்கு மாதம் ஐம்பதினாயிரம். தமிழ்நாட்டு சர்க்கார் முதலமைச்சர் கோப்பைப் பந்தயங்களில் கலாசாலை மாணவர்க்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்கு ஒதுக்கிய மொத்தப் பரிசு 37 கோடி ரூபாய். ராஜ்ய அளவில் தனிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவருக்கு ஒரு லட்சம், இரண்டாமவருக்கு எழுபத்தையாயிரம், மூன்றாமவருக்கு ஐம்பதினாயிரம். சர்க்கார் உத்தியோகத்தில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. தனியார் கலாசாலைகள் பல, பந்தாட்டத்தில் தேர்ந்த பையனுக்குக் கட்டணமின்றி இடமும், விடுதியும், சாப்பாடும் கொடுக்கின்றன. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. முன்னிருந்த வறட்சியைக் கண்டவர்கள் இவற்றைக் குறைத்துப் பேசமாட்டார்கள்.

ஆயினும் இவை அனைத்திலும் ஒரே குறை ஓடுகிறது. பணம் வென்றவனுக்கு வருகிறது. வெல்ல உழைப்பவனுக்கு வருவதில்லை. கணக்கைப் பாருங்கள். முதலமைச்சர் கோப்பையில் ஜில்லா அளவில் முதலாவதாக வந்த மாணவனுக்குப் பரிசு மூவாயிரம் ரூபாய். அவன் ஆண்டில் முந்நூறு நாள் விடியற்காலையில் எழுந்து ஓடியிருந்தால், நாளொன்றுக்குப் பத்து ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு விதித்த நாட்கூலி 336 ரூபாய். வாய்க்கால் வெட்டுவதற்கு 336. ஜில்லாவிலேயே சிறந்த ஓட்டக்காரனாவதற்குப் பத்து! ஜில்லாவில் நான்காவதாக வந்தவனுக்கு அந்தப் பத்தும் இல்லை. ஆனால் முதலாமவனும் நான்காமவனும் தின்னவேண்டிய முட்டையும், தேய்க்கவேண்டிய காலணியும், கொடுக்கவேண்டிய பஸ் கட்டணமும் ஒன்றே. பதக்கம் பெற்ற பிறகு கோடி கொடுப்பது அறுவடையன்று களத்தில் நின்று மாலை போடுவதைப் போன்றது. விதைப்புக்கும் தண்ணீருக்கும் யார் கொடுப்பது?

இலவச இடம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது பெரும்பாலும் வாய்வார்த்தை. கையில் பத்திரம் இல்லை. மூன்று வருஷப் படிப்பின் இரண்டாம் வருஷத்தில் முழங்கால் முறிந்தால், மூன்றாம் வருஷக் கட்டணத்தை யார் கட்டுவது? சிகிச்சைச் செலவு கலாசாலையுடையதா, கூலிவேலை செய்யும் தகப்பனுடையதா? ஆடமுடியாத பையன் விடுதியில் இருக்கலாமா? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை இல்லாத வரையில், அந்த இலவசம் உரிமையாகாது, தயவுதான். தயவு காலோடு வரும், காலோடு போகும்.

தொழில்முறை ஆட்டத்தோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். புரோ கபடி ஏலத்தில் 2022-ஆம் ஆண்டு தமிழ் தலைவாஸ் அணி, பவன் சேராவத் என்ற வடநாட்டு வீரரை 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு, அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமற்போயிற்று. எனினும் அடுத்த பருவத்தில் அவர் இரண்டரைக் கோடிக்கு மேல் ஏலம் போனார். ஒப்பந்தமும் சிகிச்சையும் ஓய்வும் இருந்தால் முறிந்த காலும் திரும்ப எழும். அதே அடி நம் ஊர்க் கலாசாலைப் பையனுக்குப் பட்டால் ஆட்டமும் போகும், படிப்பும் போகும்.

இரு ஜில்லாக்களின் நிலை

1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2007-இல் நிலையாகப் பிரிந்தது அரியலூர். ஒன்று மானாவாரி பூமி. மக்காச்சோளம், பருத்தி, சின்னவெங்காயம் என்று மழையை நம்பிப் பிழைக்கும் கிராமங்கள். மற்றொன்றில் ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரமும் உண்டு, பூமியைக் குடைந்து சிமெண்டாக்கும் ஆலைகளும் உண்டு. இரண்டிலும் பெரும்பாலோர் சிறு குடியானவர், கூலிக்காரர். பெருநகரங்களின் கிளப்புகளோ, நீச்சல் குளங்களோ இவர்களுக்கு இல்லை. இருப்பவை உரம் ஏறிய உடலும், வெயிலுக்கு அஞ்சாத காலும், ஊர்த் திருவிழாவில் சடுகுடு ஆடிப் பழகிய மூச்சும்.

இந்த மண்ணில் என்ன விளையும் என்பதற்கு ஓர் அத்தாட்சி போதும். அரியலூரில் எளிய குடும்பத்தில் பிறந்த கார்த்தி செல்வம் 2022-ஆம் ஆண்டு மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஹாக்கி அணியில் அரங்கேறினார். எதிரில் பாகிஸ்தான். அந்த முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். அவரும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அவ்வணியில் இடம் பெற்றபோது, இந்திய ஹாக்கியில் தமிழ்நாட்டுக்கு இருந்த நெடுநாள் பஞ்சம் நீங்கிற்று. 2023 ஆகஸ்டில் சென்னையில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைக் கைப்பற்றிய அணியிலும் அவர் இருந்தார். ஆனால் அவர் ஹாக்கியில் தேர்ச்சி பெற்றது அரியலூரில் அன்று. முந்நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தெற்கே, கோவில்பட்டியிலுள்ள சர்க்கார் ஹாக்கி விடுதியில்! பையனுக்குச் சோறும் படுக்கையும் மட்டையும் பயிற்சியும் ஒருங்கே கொடுக்க ஓர் இடம் இருந்தது. அவன் தேசத்துக்கு ஆடினான். அந்த விடுதி கொடுத்ததுதான் நாம் சொல்லும் கூலி. வெற்றிக்கு முன் கொடுத்த கூலி.

பள்ளிப் பருவத்துக்கு இந்த ஏற்பாடு ஓரளவு நடக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் ஆண்பிள்ளைகளுக்கு அரியலூரிலும் பெண்பிள்ளைகளுக்குப் பெரம்பலூரிலும் இடம் உண்டு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் பாதை இரண்டாகப் பிரிகிறது. கலாசாலை மாணவர்க்கான விடுதிகள் தொகையில் சொற்பம். அவற்றில் இடம் கிடைத்தவனும், நகரத்துப் பெரிய கலாசாலை அழைத்துக்கொண்டவனும் பாக்கியசாலிகள். மற்றவர்கள் அரியலூர் அரசு கலைக் கல்லூரியிலோ, குரும்பலூரிலோ, வேப்பந்தட்டையிலோ, வேப்பூர்ப் பெண்கள் கல்லூரியிலோ சேர்ந்து, பாரதிதாசன் சர்வகலாசாலைப் பந்தயங்களுக்கு அவ்வப்போது போய்வருகிறார்கள். விடுமுறை நாளில் காட்டு வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது கடினம். போனால் மாலைப் பயிற்சிக்கு உடம்பு வராது. பதினெட்டு வயது முதல் இருபத்தொன்று வரையில் உடல் முழு வலிமை பெறும் பருவம். அந்தப் பருவத்தில்தான் நாம் அவனைக் கைவிடுகிறோம். பெண்ணாயிருந்தாலோ, "இன்னும் என்ன ஓட்டம்?" என்ற பேச்சும் கூடவே வருகிறது. மாதம் கையில் ஒரு தொகை கொண்டுவரும் மகளைப் பார்த்து அவ்விதம் கேட்பவர்கள் குறைவு.

பருத்தி ஓரிடத்தில் விளைந்து, ஆலை வேறிடத்தில் ஓடி, லாபம் மூன்றாமிடத்தில் சேர்ந்த கதையை நம் தேசம் நன்றாக அறியும். மான்செஸ்டருக்கு நாம் அனுப்பியது பஞ்சு. திரும்பி வந்தது துணியும் தரித்திரமும். விளையாட்டிலும் அதே கதை நடக்கலாகாது. இந்திய சர்வகலாசாலைகளில் விளையாட்டில் சிறந்ததற்கு 1956-57 முதல் மௌலானா ஆசாத் கோப்பை வழங்கப்படுகிறது. நெடுங்காலம் அது பஞ்சாப் பக்கத்துப் பொதுச் சர்வகலாசாலைகள் பெரும்பாலும் மாறி மாறிப் பெற்றுவந்த கோப்பை. 2024-ஆம் ஆண்டுக்கான கோப்பை முதன்முறையாக ஒரு தனியார் சர்வகலாசாலைக்குப் போயிற்று, இரண்டாமிடமும் தனியாருக்கே. தனியார் பணம் விளையாட்டுக்கு வருவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. வரட்டும், பெருகட்டும். ஆனால் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் தம் கைக்காசில் பந்து வாங்கிக் கொடுத்து உருவாக்கிய பிள்ளையை, முற்றிய பிறகு ஒரு செல்வக் கலாசாலை கொண்டுபோய்த் தன் விளம்பரப் பலகையில் ஏற்றினால், உருவாக்கிய பள்ளிக்கு என்ன மிச்சம்?

பணம் கெடுக்காதா?

பணம் வந்தால் பிள்ளைகள் கெடுவார்கள் என்பது பெரியோர் சிலரின் கவலை. அக்கவலையை நாம் அலட்சியம் செய்யவில்லை. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு ஸ்தாபனத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213-இல் தடைசெய்த மருந்து தென்பட்டது. நூற்றுக்கு 3.8. ஐயாயிரத்துக்கு மேல் சோதனை நடத்திய தேசங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். அவ்வாண்டு செப்டம்பரில் தில்லி ராஜ்ய ஓட்டப் பந்தயங்களுக்குச் சோதனையாளர்கள் வந்தார்கள் என்ற செய்தி கேட்டவுடன் பலர் மறைந்துவிட, ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஒரே ஒருவர் மாத்திரம் ஓடினார். இதைவிட வெட்கக்கேடு வேறு வேண்டியதில்லை.

ஆனால் இந்நோயின் காரணம் யாது? பணம் கொடுப்பதன்று, வென்றவனுக்கு மாத்திரம் எல்லாவற்றையும் கொடுப்பதே. பதக்கம் கிடைத்தால் உத்தியோகம், வீடு, லட்சம்; ஒரு விநாடி பிந்தினால் சூனியம் என்றால், இருபது வயதுப் பையன் ஊசியை நாடுவதில் ஆச்சரியம் என்ன? ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவதற்கும், நேர்மையாக ஆடுவதற்கும் மாதந்தோறும் அளவான தொகை கிடைத்து, மருந்து உட்கொண்டால் அது நின்றுபோகும் என்றிருந்தால், சபலம் குறையும். சூதாட்டப் பணம் கெடுக்கும். கூலிப் பணம் கெடுப்பதில்லை.

படிக்க வந்தவன் படிக்கட்டும் என்பது மற்றோர் ஆக்ஷேபம். சரியே. ஆகையால் கூலியைப் படிப்போடு பிணைக்கவேண்டும். வகுப்புக்கு வந்தால்தான் தொகை, தேர்வு எழுதினால்தான் தொடர்ச்சி என்று விதிக்கலாம். பந்தயத்தினால் தவறிய பாடத்தையும் தேர்வையும் ஈடுசெய்யும் பொறுப்பு கலாசாலையைச் சேர்ந்தது. முப்பது வயதில் ஆட்டம் ஓய்ந்த பிறகு மிஞ்சுவது பட்டம் ஒன்றே. படிப்பை விற்று ஆட்டம் வாங்குவது நஷ்ட வியாபாரம்.

செய்ய வேண்டியது

முதலாவதாக, பதக்கத்தைப் பாராமல் பயிற்சியைப் பார்த்துக் கொடுக்கும் மாத உபகாரச் சம்பளம் வேண்டும். ஜில்லாதோறும் பகிரங்கச் சோதனை நடத்தி, ஆணும் பெண்ணும் சரிபாதியாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய இடம் வைத்தும், கூட்டம் கூடும் ஆட்டம் கூடாத ஆட்டம் என்ற பேதமின்றியும் தேர்ந்தெடுக்கவேண்டும். பாதிநாள் படிப்புக்கு, பாதிநாள் ஆட்டத்துக்கு என்று கொண்டு, முன்சொன்ன 336 ரூபாயில் அரைநாள் கூலி கணக்கிட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் சேர்த்து இருநூறு மாணவ மாணவியருக்குக் கொடுத்தால் ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம். தமிழ்நாட்டின் 38 ஜில்லாக்களுக்கும் இதே அளவில் விரித்தால் 22 கோடியே 80 லட்சம். 2024-இல் கோப்பைப் பரிசுகளுக்கு ஒதுக்கிய 37 கோடியைவிடக் குறைவு. சர்க்காருக்குப் பணம் ஏது என்பவர்கள் இக்கணக்கைப் பார்க்கட்டும். பரிசை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை; பரிசுக்குக் கிடைத்த பணம் பயிற்சிக்கும் கிடைக்கட்டும் என்கிறோம்.

இரண்டாவதாக, விளையாட்டுக்காக மாணவனைச் சேர்க்கும் ஒவ்வொரு கலாசாலையும் எழுத்தில் உடன்படிக்கை கொடுக்கவேண்டும். படிப்பு முடியும்வரை கட்டண விலக்கு, அடிபட்டால் முழு சிகிச்சை, ஆட முடியாவிட்டாலும் விடுதியில் இடம், வேறு கலாசாலைக்குப் போக விரும்பினால் தடையின்றிச் சான்றிதழ். இந்நான்கும் அதில் இருக்கவேண்டும். ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுத் தகப்பன் கையில் ஒரு பிரதி கொடுப்பதற்குப் பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை. சர்வகலாசாலை ஓர் உத்தரவு போட்டால் போதும்.

மூன்றாவதாக, உருவாக்கிய பள்ளிக்கு ஒரு பங்கு. உலகக் கால்பந்தில் இவ்வழக்கம் 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரன் ஒப்பந்த காலத்துக்குள் பெருந்தொகைக்குக் கிளப் மாறினால், அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து, அவனைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பகிர்ந்துபோகும். பிரேசில் நாட்டுச் சேரியிலுள்ள சிறு கிளப்புக்கு ஐரோப்பியப் பணத்தில் பங்கு கிடைப்பது இவ்வழியால். நம் லீக் பந்தயங்களில் ஏலம் போகும் தொகையிலும், விளையாட்டினால் விளம்பரம் தேடும் கலாசாலைகளின் வருமானத்திலும் இப்படி ஒரு பங்கு, செந்துறைப் பள்ளிக்கும் வேப்பந்தட்டைப் பள்ளிக்கும் பந்தாகவும் வலையாகவும் திரும்பி வரவேண்டும்.

பணத்துக்கு வேறொரு வாயிலும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. அக்காரியங்களின் பட்டியலில் கிராம விளையாட்டுப் பயிற்சியும் ஒலிம்பிக் விளையாட்டுப் பயிற்சியும் பெயர் சொல்லியே இருக்கின்றன. அரியலூர் பூமியிலிருந்து சுண்ணாம்புக்கல்லை எடுக்கும் சிமெண்டு ஆலைகள், வெட்டிய குழியின் அருகில் வாழும் பிள்ளைகளின் பயிற்சிக்கு ஒரு பாகம் ஒதுக்குவது தருமமன்று, கடன். ஆனால் அத்தொகை ஆலையின் பெயர் எழுதிய பனியனாக வந்து முடிந்துவிடலாகாது. ஜில்லா நிதியில் சேர்ந்து, மாணவனின் பாங்குக் கணக்குக்கே மாதந்தோறும் போகவேண்டும். அமெரிக்கா செய்த பிழை, பணம் எங்கிருந்து வந்ததோ அதன் இஷ்டத்துக்கே பங்கீட்டை விட்டது. கொடுப்பவன் யாராயினும் ஆகுக. பங்கிடுவது பொது விதியாகட்டும்.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்விஷயத்துக்குப் பெரிய மாநாடு கூட்டவேண்டியதில்லை. உங்கள் தாலூகாவிலுள்ள கலாசாலைக்குப் போய், விளையாட்டுக்காகச் சேர்த்த மாணவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தது என்ன என்று கேளுங்கள். கிராமசபையில் விளையாட்டு மைதானத்தின் கதியை விசாரியுங்கள். சட்டசபை அங்கத்தினர் பதக்கம் பெற்றவரோடு படம் எடுத்துக்கொள்ள வரும்போது, பதக்கம் பெறாத இருநூறு பேருக்கு என்ன செய்தீர் என்று மரியாதையாகவே கேளுங்கள். கேள்வி ஓயாவிட்டால் விடை வரும்.

தேசத்துக்காக ஆடு என்று இளைஞனிடம் சொல்வதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் பட்டினி வயிற்றோடு ஆடு என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. உழைப்புக்குரிய கூலியை வெளிப்படையாக, எழுத்தில், வெற்றிக்கு முன்பே கொடுத்துவிட்டால், வெற்றியை அவர்களே கொண்டுவருவார்கள். வராமற் போனாலும், நேர்மையாக உழைத்துப் படித்துப் பட்டம் பெற்ற திடகாத்திரமான ஆண்களும் பெண்களும் இரு ஜில்லாக்களுக்கும் மிஞ்சுவார்கள். அதுவும் தேசத்துக்கு லாபமே.